உச்சிக்குழியும் ஆறு வயதுப் பல்லும்

என் பேரன் பிறந்த பதினொராம் நாள், வெள்ளவத்தையில் மகளின் வீட்டுக் கூடத்தில் கால்களை நீட்டி உட்கார்ந்து, அவனைக் கால்களின் மேல் கிடத்தி, உச்சியில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். முன் உச்சிக்குழி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது; விரலுக்கடியில் மெதுவாகத் துடித்தது; அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் அங்கிருந்து பிடரியை நோக்கிப் போகும் நடுக்கோட்டில், இரண்டு எலும்புகளுக்கு இடையே விரல்நுனி சிறிது இறங்க வேண்டிய இடத்தில், அது இறங்கவில்லை. அங்கே வயல் வரம்பு போல ஒரு மெல்லிய மேடு ஓடியது.

நான் கொழும்பில் அரசாங்க வைத்தியசாலையொன்றில் 31 வருடங்கள் எக்ஸ்ரே எடுப்பவளாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். படத்தைப் பார்த்து நோயைச் சொல்வது எங்கள் வேலை அல்ல. படத்தைப் பிழையின்றி எடுத்துக் கொடுப்பதே எங்கள் வேலை. ஆனாலும் அத்தனை வருடங்கள் வெளிச்சப் பெட்டியின் முன்னால் நின்ற கண்ணுக்கு, ஒரு குழந்தையின் தலையில் எந்தக் கோடு இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்பது தானாகவே பழகிவிடும். சம்பந்தி அம்மாவிடம் சொன்னேன். அவர் அவன் தலையை இரண்டு கைகளாலும் ஏந்திப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் நீளமாத்தான் கிடக்கு. ஒரு மாதம் பிடிச்சு விட்டால் உருண்டு வந்திடும், யோசியாதேங்கோ" என்றார். அன்று முதல் பழஞ்சேலைத் துண்டைச் சும்மாடு போலச் சுற்றி, அதன் நடுவில் அவன் தலையை வைத்துப் படுக்க வைத்தார். அவருடைய நான்கு பிள்ளைகளுக்கும் அந்தச் சும்மாடு பலித்திருந்தது. அவர் சொன்னதில் பிழையில்லை. படுக்கும் விதத்தால் தட்டையாகும் தலை அப்படிச் சரியாவது உண்டு. இவனுடையது அந்த வகை அல்ல என்பதுதான் வேறுபாடு.

தனியார் மருத்துவ நிலையமொன்றில் காட்டியபோதும் அதையேதான் சொன்னார்கள். தலையைத் தொட்டுப் பார்க்காமலே, திருப்பித் திருப்பிப் படுக்க வையுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதனால் எங்களுக்கு மூன்று மாதங்கள் போயின. அந்த மூன்று மாதங்களில் அவன் தலை அகலத்தில் ஏறக்குறைய நின்றுவிட்டு, முன்னும் பின்னுமாக நீண்டது. நான்காம் மாதத்தில் இன்னொரு வைத்தியர் உச்சியில் விரலை வைத்த கணமே, "இந்தப் பொருத்து மூடிவிட்டதே அம்மா" என்றார். சிடி ஸ்கேன் அதை உறுதிப்படுத்தியது. சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைக்கும் வரை மேலும் மூன்று மாதங்கள் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில்தான் நான் இந்த விஷயத்தைப் படிக்கத் தொடங்கினேன். பேரனின் தலையைப் பற்றித் தேடப் போய், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட குழந்தைகளின் தலைகளில் வந்து நின்றேன்.

முதலில் வளர்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். வளர்ந்தவரின் தலையிலும் முகத்திலுமாக 22 எலும்புகள் என்று பாடசாலையில் படித்திருப்போம். பிறந்த குழந்தையில் அவை 40க்கும் மேற்பட்ட தனித்தனித் துண்டுகளாக இருக்கின்றன. நெற்றி எலும்பு இரண்டு பாதி; கீழ்த்தாடை நாடியின் நடுவில் பிரிந்து இரண்டு பாதி; பிடரி எலும்பு மட்டும் நான்கு துண்டு. இந்தப் பிரிவு இல்லாவிட்டால் பிறப்பு வாசலில் தலை ஒடுங்கி வெளிவர முடியாது. வெளிவந்த பிறகு மூளை வளரவும் முடியாது. பிறக்கும்போது மூளை வளர்ந்தவரின் மூளையில் ஏறக்குறையக் கால் பங்கு. இரண்டு வயதில் முக்கால் பங்கு. ஆறு வயதில் பத்தில் ஒன்பது பங்கு. கிளினிக்கில் மிட்வைஃப் நாடா வைத்து அளக்கும் தலைச் சுற்றளவு பிறக்கும்போது 35 சென்ரிமீற்றர் அளவில் இருந்து, முதலாவது பிறந்தநாளில் 46 சென்ரிமீற்றரைத் தொடும். அந்த ஒரு வருடத்தில் கூடிய அளவு, அதன் பிறகு எந்த ஒரு வருடத்திலும் கூடுவதில்லை.

எலும்பு மூளைக்கு வழிவிடுவது இந்தத் துண்டுகள் சந்திக்கும் பொருத்துகளில்தான். மூளை உள்ளிருந்து விரிய, இரண்டு எலும்புகளின் ஓரங்களிலும் புது எலும்பு படிந்துகொண்டே வரும். பின் உச்சிக்குழி இரண்டு மூன்று மாதங்களில் மூடும். நெற்றியின் நடுப்பொருத்து மூன்றாம் மாதத்துக்கும் ஒன்பதாம் மாதத்துக்கும் இடையில் மறையும். முன் உச்சிக்குழி பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் மூடிவிடும். மற்றப் பெரிய பொருத்துகள் வளர்ந்த பிறகும் நெடுங்காலம் கோடாகவே நிற்கும். அவற்றில் ஒன்று காலத்துக்கு முன்பே ஒட்டிக்கொண்டால், அந்தக் கோட்டுக்குக் குறுக்கே தலை வளராது. கோட்டின் வழியே நீளும். ஜேர்மனிய வைத்தியரான ருடால்ஃப் விர்ச்சோ இதை 1851ஆம் ஆண்டிலேயே வகுத்துச் சொல்லியிருந்தார். என் பேரனுக்கு ஒட்டியிருந்தது உச்சி நடுக்கோடு. அதனால் தலை தோணி வடிவம் எடுத்தது.

ஸ்கேன் எடுத்த நாளில், அடுத்த அழைப்புக்கு இரண்டு மணித்தியாலம் இருந்ததால், நான் மட்டும் கறுவாத்தோட்டத்து நூதனசாலைக்கு நடந்து போனேன். 1877இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்துக்குள் பாடசாலைக் காலத்தில் போனதற்குப் பிறகு அன்றுதான் போனேன். வரலாற்றுக்கு முற்பட்ட காலப் பகுதியில் கண்ணாடியின் முன்னால் நின்று, குழந்தையொன்றின் எலும்பு இருக்கிறதா என்று தேடினேன். அன்று என் கண்ணில் ஒன்றும் படவில்லை. பக்கத்தில் வரிசையாக வந்த பிள்ளைகள் பெரிய மண்டையோட்டைக் காட்டி ஒருவரையொருவர் பயமுறுத்திச் சிரித்துக்கொண்டு போனார்கள். மற்றப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்ற கேள்வி அங்கேதான் எனக்கு எழுந்தது. மருத்துவ வசதி இல்லாத காலத்தில் பிறந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வளர்ந்தவராகும் முன்பே இறந்திருக்க வேண்டும். அப்படியானால் பழைய இடுகாடுகளில் பாதிக் குழி குழந்தைகளுடையதாக இருக்க வேண்டும். பல இடங்களில் அப்படி இல்லை.

எலும்பின் தன்மை இதற்கு ஒரு காரணம். பெரியவரின் மண்டையோடு மண்ணுக்குள் கவிழ்த்த பானை போல முழு வடிவத்தில் கிடக்கக்கூடும். கைக்குழந்தையின் தலையைச் சேர்த்துப் பிடித்திருந்தவை சவ்வும் குருத்தெலும்பும். அவை அழுகியதும் துண்டுகள் தனித்தனியே சரிந்து, மண்ணின் பாரத்தில் தட்டையாகிவிடும். உச்சியின் பக்க எலும்பு, ஓரம் உடைந்த மெல்லிய சிரட்டைத் துண்டு போல இருக்கும். அதன் நடுவில் சிறிது மேடு. அந்த மேட்டிலிருந்து ஓரங்களை நோக்கி விசிறிக் காம்புகள் போல நுண்ணிய கோடுகள் ஓடும். எலும்பு எங்கே தொடங்கி எந்தத் திசையில் வளர்ந்தது என்பதை அந்தக் கோடுகளே காட்டுகின்றன. பழக்கமில்லாத கண் அதை மட்பாண்டச் சில்லு என்றோ சிறு விலங்கின் எலும்பு என்றோ ஒதுக்கிவிடும். சல்லடை போடாத பழைய அகழ்வுகளில் அப்படி மண்ணோடு மண்ணாகக் கொட்டப்பட்ட குழந்தைகளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனம் கனக்கிறது.

தப்பிப் பிழைக்கும் துண்டுகளும் இருக்கின்றன. காதின் உட்பகுதியைச் சுற்றியுள்ள எலும்பு, உடலின் எலும்புகளிலேயே மிகக் கடினமானது. உள்காது, பிள்ளை பிறக்கும் முன்பே வளர்ந்தவரின் அளவை எட்டிவிடுகிறது. பழைய மரபணுவைத் தேடுவோர் இன்று முதலில் கேட்பதும் அந்த எலும்பைத்தான். இன்னொன்று, பிடரி எலும்பின் நான்கு துண்டுகளில் அடியில் இருக்கும் சிறு துண்டு. பிறந்த குழந்தையில் அது ஏறக்குறையப் புளியங்கொட்டை அளவு, தடித்தது, எளிதில் உடையாது. முதல் மாதங்களில் அதன் நீளம் அகலத்தைவிடக் கூட. ஆறாம் மாத அளவில் அகலம் நீளத்தை மிஞ்சிவிடும். ஆகவே, வேறெதுவும் எஞ்சாத குழியிலிருந்து அந்த ஒரு துண்டை எடுத்து இரண்டு பக்கமும் அளந்தாலே, இந்தக் குழந்தை அரை வயதைக் கண்டதா இல்லையா என்று சொல்லிவிட முடிகிறது. பக்கத் துண்டுகள் மூன்று வயதுக்குள் பின் துண்டோடு ஒட்டும்; அடித்துண்டு ஐந்து முதல் ஏழு வயதுக்குள் வந்து சேரும். இப்படி ஒவ்வொரு பொருத்தும் ஒரு திகதி.

எலும்பைவிடத் திருத்தமானது பல். ஐந்து வயதுப் பிள்ளையின் தாடையை எக்ஸ்ரேயில் பார்க்காதவர்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். வெளியே தெரியும் பால்பற்களின் அடியில், எலும்புக்குள், நிரந்தரப் பற்கள் இன்னொரு வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டுக் காத்திருக்கும். பசி, நோய் போன்றவற்றால் எலும்பின் வளர்ச்சி பின்தங்கினாலும், பல் தன் காலத்தைப் பெரிதும் தவறவிடுவதில்லை. பல்லின் வெளிக்கவசமான மிளிரி நாள் தோறும் ஒரு நுண்ணிய கோடாகப் படிகிறது. பிறந்த அதிர்ச்சியும் அதில் ஒரு தடித்த கோடாக விழுகிறது. பிறப்புக் கோடு என்று அதைச் சொல்லலாம். பிறந்த பிறகு ஒரு வாரமளவாவது வாழ்ந்தால்தான் அது நுணுக்குக்காட்டியில் தெளிவாகத் தெரியும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகு, பெயரோ ஊரோ தெரியாத ஒரு குழந்தை ஒரு வாரம் உயிரோடு இருந்தது என்பதற்கு இவ்வளவு சிறிய சாட்சி இருக்கிறது.

பல்லின் வயதை எந்த அளவுகோலால் படிப்பது என்பதில் ஒரு பெரிய பாடமும் இருக்கிறது. 1924இல் தென்னாபிரிக்காவின் டாங் சுண்ணாம்புக் கல்லகழ்விலிருந்து வந்த பெட்டியொன்றில், உடற்கூற்றியல் பேராசிரியரான ரேமண்ட் டார்ட், மனிதனின் மிகப் பழைய மூதாதை இனமொன்றைச் சேர்ந்த ஒரு குழந்தையின் முகத்தையும், அதன் மூளைக்கூட்டில் நிரம்பிக் கல்லாகிப்போன வார்ப்பையும் கண்டார். பால்பற்கள் முழுதாக இருந்தன. நிரந்தரப் பற்களில் முதற் கடைவாய்ப்பல் மட்டும் வெளிவந்திருந்தது. அந்தப் பல்லை எங்கள் வீடுகளில் ஆறு வயதுப் பல் என்போம். ஆகவே டாங் குழந்தைக்கும் ஆறு வயது என்றே நெடுங்காலம் கொள்ளப்பட்டது. 1985இல் டிம் பிரோமேஜ், கிறிஸ்டோபர் டீன் ஆகிய இருவரும் அந்தக் காலத்துப் பற்களின் மிளிரிக் கோடுகளை எண்ணிப் பார்த்தபோது, வயது மூன்றே சொச்சம் என்று தெரிந்தது. அந்த இனத்தின் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளின் வேகத்தில் வளரவில்லை. குரங்கினங்களைப் போல விரைந்து வளர்ந்திருந்தார்கள். எதியோப்பியாவின் டிகிகாவில் 2000ஆம் ஆண்டில் ஸெரெசெனாய் அலெம்செகெட் கண்டெடுத்த, 33 இலட்சம் ஆண்டுகள் பழைமையான குழந்தையின் மண்டையோடு இந்தக் கதையை மேலும் சிக்கலாக்கியது. 2020இல் வெளிவந்த ஆய்வின்படி, அதன் மூளையின் அமைப்பு குரங்கினத்துக்கு நெருங்கியது. ஆனால் மூளை முழு அளவை எட்ட எடுத்துக்கொண்ட காலமோ குரங்கினங்களினதைவிட நீண்டது. நீண்ட குழந்தைப் பருவம் பெரிய மூளைக்குப் பின்னால் வந்தது என்று நினைத்திருந்தேன். பிள்ளையை நெடுநாள் சுமக்கும் பழக்கம் அதற்கும் முந்தியதாக இருக்கலாம் என்று இப்போது எண்ணுகிறேன்.

இனி நான் இந்தக் கட்டுரையை எழுத எடுத்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். இடுகாட்டில் கிடைக்கும் குழந்தைகளின் எலும்பை வைத்து அக்காலக் குழந்தைகள் எப்படி வளர்ந்தார்கள் என்று சொல்லும்போது, ஓர் அடிப்படைச் சங்கடம் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் வளர்ந்த குழந்தைகள் அல்லர்; வளர்ச்சி நின்றுபோன குழந்தைகள். மூன்று வயதில் இறந்த பிள்ளையின் தலை, அந்த ஊரில் மூன்று வயதைத் தாண்டி ஓடி விளையாடிய பிள்ளைகளின் தலைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஜேம்ஸ் வுட் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1992இல் இதை விரிவாக எழுதினார்கள். எலும்பியல் முரண் என்று அதற்குப் பெயர். நோயின் அடையாளம் இல்லாத எலும்பு, நோயில்லாத பிள்ளையினது என்று எடுத்துக்கொள்ள முடியாது. எலும்பில் தழும்பு விழும் முன்பே போய்விட்ட பிள்ளையாகவும் அது இருக்கலாம். அடையாளம் உள்ள எலும்போ, அந்த நோயோடு மாதக் கணக்கில், வருடக் கணக்கில் வாழ்ந்த பிள்ளையினது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வைத்தியசாலையின் இரண்டு வகைப் பிள்ளைகள் கண்முன் வந்தார்கள். வயிற்றோட்டத்திலோ காய்ச்சலிலோ இரண்டு மூன்று நாளில் போய்விட்ட பிள்ளையின் எக்ஸ்ரே, ஒரு குறையும் இல்லாத அழகான படமாக இருக்கும். மாறாக, தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ள பிள்ளைகள் வருவார்கள். குருநாகல் பக்கத்திலிருந்தும் பதுளைப் பக்கத்திலிருந்தும் வந்தவர்களை நான் படம் எடுத்திருக்கிறேன். இரத்தம் போதாமல் எலும்பு மச்சை விரிந்து விரிந்து, மண்டையோட்டின் வெளிப்புறம் மயிர் சிலிர்த்து நிற்பது போலப் படத்தில் தெரியும். பார்க்கப் பயங்கரமான படம் அது. ஆனால் அந்தப் பிள்ளை எட்டு வயது, பத்து வயது வரை இரத்தம் ஏற்றிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் மேசையில் தானே ஏறிப் படுத்துக்கொண்டது. படத்தில் உள்ள சிலிர்ப்பு அந்தப் பத்து வருடத்தின் சிலிர்ப்பு. பழைய எலும்புகளில் கண்குழியின் கூரையிலும் உச்சியிலும் காணப்படும் நுண்துளைகளையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். அவற்றுக்கு இரத்தச்சோகை, மலேரியா, ஊட்டக்குறைவு என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எது காரணமாக இருந்தாலும், அந்தத் துளை விழுவதற்கு நாள் வேண்டும். அந்த நாட்களில் யாரோ சோறு ஊட்டியிருக்க வேண்டும்.

ஸ்பெயினின் அதபுவேர்க்கா மலையில் ஒரு குழியிலிருந்து எடுக்கப்பட்ட 14ஆம் இலக்க மண்டையோடு எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட நெருக்கமானது. ஏறக்குறைய 4,30,000 ஆண்டுகள் பழைமையானது. துண்டு துண்டாகக் கிடைத்ததை ஒட்டிச் சேர்த்தபோது, பின்பக்கத்துப் பொருத்துகளில் ஒரு பக்கம் மட்டும் காலத்துக்கு முன்பே, அநேகமாகக் கருவிலேயே, மூடியிருந்தது தெரியவந்தது. தலை ஒருபுறம் கோணி வளர்ந்திருந்தது. முகமும் சிறிது சரிந்திருந்திருக்கும். 2009இல் அந்த ஆய்வு வெளியானது. சத்திரசிகிச்சையும் இல்லாத, சும்மாடும் இல்லாத காலத்தில், அந்தப் பிள்ளை குறைந்தது ஐந்து வயது வரை உயிரோடு இருந்தது. என் மகள் அந்தப் பக்கத்தை என் கையிலிருந்து வாங்கிப் படித்துவிட்டு, "அம்மா, அந்தத் தாய்க்கும் தெரிஞ்சிருக்கும், என்ன?" என்று கேட்டாள். தெரிந்திருக்கும். தலையில் கை வைக்காமல் பிள்ளையைத் தூக்கிய தாய் எந்தக் காலத்திலும் இல்லை.

இஸ்ரேலின் கஃப்ஸே குகையில் தலையில் நீர் கோத்த மூன்று வயதுக் குழந்தையொன்றின் எலும்புகள் இருக்கின்றன; அவை 90,000 ஆண்டுகளுக்கும் பழையவை. கென்யாவின் பங்கா யா சைதி குகையில், இரண்டரை மூன்று வயதுப் பிள்ளையொன்று 78,000 ஆண்டுகளுக்கு முன் கால்களை மடக்கி ஒருக்களித்துப் படுக்க வைக்கப்பட்டிருந்தது. தலை சரிந்திருந்த விதத்தை வைத்து, கீழே தலையணை போல ஏதோ இருந்து மக்கிப்போயிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் 2021இல் எழுதினார்கள். ஒஸ்திரியாவின் கிரெம்ஸ் நகரில் 31,000 ஆண்டுகளுக்கு முந்திய இரட்டைக் குழந்தைகளின் குழியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ஒன்று பிறப்பையொட்டியே இறந்திருக்கிறது. மற்றது ஏழு வாரமளவில் இறந்திருக்கிறது. மூடிய குழியை மறுபடி திறந்து, இரண்டாவதை முதலாவதன் அருகில் வைத்திருக்கிறார்கள். பல்லின் பிறப்புக் கோட்டுக்குப் பின்னர் படிந்த மிளிரியை அளந்துதான் அந்த ஏழு வாரம் கண்டுபிடிக்கப்பட்டது.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். புளத்சிங்களவுக்கு அருகே பாகியங்கல குகையில், 30,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையுள்ள படையில், மிகச் சிறு குழந்தையொன்றினதும் அதற்கு மூத்த சிறு பிள்ளைகள் இருவரினதும் எலும்புத் துண்டுகள் பெரியவர்களின் எலும்புகளோடு சேர்ந்து கிடைத்திருக்கின்றன. உடலை முதலில் வேறிடத்தில் வைத்து, பின்னர் எலும்பை மட்டும் எடுத்து வந்து இட்டதற்கான அடையாளங்கள் உண்டு. அப்படியென்றால் அந்தச் சின்னஞ்சிறு துண்டுகளை யாரோ தேடிப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். வடமேற்கில், வில்பத்துக் காட்டின் ஓரத்தில் பொம்பரிப்பு இருக்கிறது. 1970இல் விமலா பெக்லி அங்கே ஈமத் தாழிகளை அகழ்ந்தார். அங்கு கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தவர்களில் கென்னத் கென்னடியும் ஜோன் லூக்காக்ஸும் இருந்தார்கள். கடலுக்கு அக்கரையில் தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அந்தத் தாழிகளுக்கு உறவு சொல்லப்படுகிறது. மகாராஷ்டிரத்தின் இனாம்காவ்ன் இவற்றுக்கு முந்தியது. கி.மு. 1600 முதல் கி.மு. 700 வரை இருந்த அந்த ஊரில், குழந்தைகளை இரண்டு பானைகளுக்குள் வைத்து, பானைகளின் வாயோடு வாய் பொருத்தி, வீட்டுத் தரைக்குக் கீழேயே கிடத்திப் புதைத்தார்கள். பானை காத்ததால் எலும்பும் காக்கப்பட்டது. தெற்காசியாவில் பழங்காலக் குழந்தைகளின் வளர்ச்சியைப் படிக்க இவ்வளவு சிறுவர் எலும்புகள் ஓரிடத்தில் கிடைத்தது அரிது. மழையும் விளைச்சலும் குறைந்த கடைசிக் கட்டத்தில் பிறந்த பிள்ளைகள் வயதுக்கேற்ற வளர்ச்சியில் பின்தங்கியிருந்ததை க்வென் ராபின்ஸ் ஷுக் பல்லின் வயதையும் எலும்பின் அளவையும் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்.

ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அலெக்சாந்தர் ரீ அகழ்ந்தெடுத்த மண்டையோடுகளைப் பற்றி 1930இல் ஸுக்கர்மன் எழுதினார். அந்தக் காலத்தில் மண்டையோட்டை அளப்பது என்பது, இவர் எந்த இனம், அவர் எந்த இனம் என்று பிரிப்பதற்காகவே. இலங்கையிலும் சுவிற்சர்லாந்துச் சகோதர முறையினரான சரசின் இருவர் பழங்குடிகளான வேடர்களின் மண்டையோடுகளை அப்படித்தான் அளந்தார்கள். அந்த அளவுகோலுக்குக் குழந்தையின் தலை பயன்படவில்லை. வடிவம் முடியாத தலை எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காது என்பதால் குழந்தைகளின் எலும்புகள் அளக்கப்படாமல் ஓரத்தில் கிடந்தன. யார் முதலில் வந்தவர் என்று எலும்பைக் கேட்டுச் சண்டை பிடிக்கும் பழக்கம் எங்கள் நாட்டில் இன்னும் விட்டுப்போகவில்லை. அதைக் கேட்பவர்கள் ஒரு குழந்தையின் மண்டையோட்டைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும் என்று நான் விரும்புகிறேன். அது எத்தனை மாதம் பால் குடித்தது, எப்போது காய்ச்சலில் கிடந்தது, எந்த வயதில் நின்றுபோனது என்று சொல்லும். அவர்கள் கேட்பதை மட்டும் சொல்லாது.

எங்கள் ஊர் வழக்கத்திலும் இதன் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பெரியவர்களைச் சுடுவார்கள். பல் முளைக்காத பிள்ளையைச் சுடுவதில்லை, புதைப்பார்கள். பல் வராத குழந்தையை எரிப்பதில்லை என்ற வழக்கம் ரோமானியரிடமும் இருந்ததாக பிளினி எழுதியிருக்கிறார். ஆராய்ச்சியாளர்கள் வயதைப் பார்க்கும் அதே பல்லை, இரண்டு வெவ்வேறு மூலைகளில் இருந்த மக்கள் ஓர் எல்லையாக வைத்திருந்தார்கள். என் அம்மம்மா பெற்ற ஒன்பதில் நான்கு தங்கவில்லை. இரண்டு, 1934ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய மலேரியாக் காய்ச்சலின் காலத்தில் குருநாகலில் போயின; தாத்தா அப்போது அங்கே புகையிரத நிலையத்தில் வேலை பார்த்தார். அந்தக் கொள்ளைநோயில் நாடு முழுவதிலும் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். 1935இல் பிறந்த ஒவ்வோர் 1,000 குழந்தைகளிலும் 263 குழந்தைகள் ஒரு வயதைக் காணவில்லை. இன்று அந்த எண்ணிக்கை பத்துக்கும் கீழே. அம்மம்மா கடைசிக் காலத்தில் எல்லாப் பெயரையும் மறந்தபோதும் அந்த இருவரின் பெயரை மறக்கவில்லை. குருநாகலில் எந்த மரத்தடியில் அவர்கள் புதைக்கப்பட்டார்கள் என்று அவர் சொன்ன அடையாளம், இன்று பஸ் நிலையத்துக்குப் பின்னால் எங்கோ இருக்க வேண்டும். அந்த மண் அவர்களுடைய எலும்பை இவ்வளவு காலம் வைத்திருக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் திரும்பிப் பார்க்கிறேன்.

என் பேரனுக்கு ஏழாம் மாதத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. ஒட்டிக்கொண்ட எலும்பை ஒரு பட்டையாக எடுத்து, பக்க எலும்புகளைத் தளர்த்திவிட்டார்கள். முகம் வீங்கிக் கண் திறக்க முடியாமல் மூன்று நாள் கிடந்தான். நான்காம் நாள் ஒரு கண் திறந்து, மகளைப் பார்த்து, அழுதான். அந்த அழுகையைப் போல நல்ல சத்தத்தை நான் வைத்தியசாலையில் வேலை செய்த 31 வருடத்திலும் கேட்டதில்லை. ஒரு காதின் மேலிருந்து மறு காதின் மேல் வரை அலை அலையாக ஒரு தழும்பு இன்றும் முடிக்குள் இருக்கிறது. எண்ணெய் வைக்கும்போது விரல் அதில் ஏறி இறங்கும்.

இப்போது அவனுக்கு ஆறு வயது. போன வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டு வந்ததும், பின்னால் கடிக்கும்போது நோகிறது என்றான். ஜன்னல் ஓரத்தில் கதிரையில் நிற்க வைத்து, கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்கச் சொன்னேன். பால்பற்களுக்கு அப்பால், கீழ்த்தாடையின் வலப்பக்கத்தில், முரசைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளை முனை தெரிந்தது; அதன் பக்கத்தில் இன்னொரு முனை. முதற் கடைவாய்ப்பல். அவன் பிறந்த வாரத்தில் படியத் தொடங்கிய பல் அது. உள்ளே எங்கோ அவனுடைய பிறப்புக் கோடும், அதற்கு ஏழு மாதம் மேலே, சத்திரசிகிச்சை நடந்த அந்த வாரத்தின் மெல்லிய கோடும் இருக்கக்கூடும்.

"அம்மம்மா, என்ன தெரியுது?" என்று வாயைத் திறந்தபடியே கேட்டான்.

"உன்ட பெரிய பல் வருது ராசா" என்றேன். இன்னும் கொஞ்சம் அகலத் திறக்கச் சொல்லி, இடப்பக்கத்தையும் பார்த்தேன்.